வடக்கு அம்புக்குறி போட்ட வேன்

என் அக்கா மகன் பெங்களூரில் ஒரு டிசைன் கம்பெனியில் இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். "மாமா, புது ப்ராஜெக்ட். நாமக்கல்லில் கிக்-ஆஃப் மீட்டிங். சேலத்திலிருந்து எப்படிப் போறது? அந்த ஊர்க்காரங்ககிட்ட மீட்டிங் எப்படி நடத்தறது?" என்றான். முதல் கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் எழுதித்தான் தர வேண்டும். அண்டசராசரத்திலேயே முதல் கூட்டத்தை மிக மோசமாக நடத்திய மனிதன் யார் என்று போட்டி வைத்தால், கோப்பையோடு சிவப்புக் கம்பளத்தில் நடந்து வருபவன் உங்கள் மாமாதான். ஆகவே மருமக்களே, அதே வழியில் அதே வேலைக்குக் கிளம்பும் எல்லோருக்குமாக, எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆடி மாதம் நான் போய் வந்ததை எழுதிவைக்கிறேன்.

அப்போது நான் சூரமங்கலத்தில் குடியிருந்த கட்டட டிராஃப்ட்ஸ்மேன். வீடு, கடை, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவேன். சேலத்தில் பாதி என் பென்சிலில் பிறந்தது என்று நானே சொல்லிக்கொள்வேன். மீதிப் பாதி ஏன் கோணலாக இருக்கிறது என்று யாராவது கேட்டால், அது என் பென்சில் தேய்ந்துபோன காலம் என்பேன்.

சேலம் டவுனில் மரக்கடை வைத்திருந்த காதர் பாய் ஒரு நாள் என்னிடம் வந்தார். ஒரு வேன் கட்ட வேண்டும். உள்ளே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்து அலமாரி. கிராமம் கிராமமாகப் போய் இலவசமாக வைத்தியம் பார்க்கும் வண்டி. இறந்துபோன தன் மனைவியின் பெயரில் அதை ஓட்டப் போகிறார். அந்த அம்மாள் இறந்த நாளுக்கு ஓதும் வருஷ பாத்திஹா அன்று வண்டி முதல் ஊருக்குப் போக வேண்டும்.

கதையில் எது பெரியது என்பதை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த அம்மாள் வாழப்பாடியில் இறந்தார். டீ குடிக்க நிறுத்திய காரில், ரோட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பின்னால் லாரி வந்தது. பாய்க்கு இந்த வேனில் வேண்டியது ஒன்றே ஒன்று: நோயாளிகள் ஏறி இறங்கும் கதவு ரோட்டைப் பார்த்துத் திறக்கக் கூடாது. மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் அவருக்குச் சம்மதம்.

நான் கட்டடக்காரன், வண்டி பற்றி எனக்கு என்ன தெரியும்? இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "பாய், வீடு கட்டறவனுக்கு வேன் எல்லாம் சின்ன ரூம்" என்று சொன்னேன்.

ஆடி பத்து. காலை ஆறே காலுக்கு ஜங்ஷன் பக்கத்திலிருந்து டவுன் பஸ், முப்பது காசு. பஸ் ஸ்டாண்டில் பாயைச் சந்தித்து, ஆறு ஐம்பதுக்கு நாமக்கல் பஸ். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு டிக்கெட் நாலு ரூபாய் எழுபது காசு. வானம் முழுக்கச் சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. மழை வருவதாகப் பயமுறுத்துமே தவிர வராது, ஆடியில் அப்படித்தான். காற்று மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மல்லூரில் ஒருவர் இடுப்பிலிருந்து கிளம்பிய துண்டு, பரமத்தியில் போய்த்தான் இறங்கியிருக்கும். வழியில் கடலைக்காடெல்லாம் வாடி மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஜன்னல் ஓரம் நான் உட்கார்ந்துகொண்டேன். பாய் அதைக் கேட்கவும் இல்லை.

நாமக்கல்லுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லி இறங்கினோம். சேலம் ரோட்டை ஒட்டி, ரோட்டுக்கு மேற்கே, லாரிக்குப் பாடி என்கிற கூண்டு கட்டும் பட்டறை. நூறு சுத்தியல்கள் ஒரே நேரத்தில் பேசும் இடம். முதலாளி பழனியப்பன், பாயிடம் மரம் வாங்குகிறவர். மேஸ்திரி செங்கோடன், நெற்றி முழுக்க மரத்தூள் பூசி, பட்டறைக்கே பூசாரி மாதிரி இருந்தார். என்ஜினும் முன் பகுதியும் மட்டும் உள்ள வெறும் சேஸ், முற்றத்தில் சேலத்தைப் பார்த்து, அதாவது வடக்கே முகம் வைத்து நின்றது.

"வாங்க பாய், வாங்க சார். காத்துல பறந்து வந்தீங்களா, பஸ்ஸுல வந்தீங்களா?" என்றார் பழனியப்பன்.

"ரெண்டும் கலந்துதான்" என்றேன்.

டீயும் முறுக்கும் வந்தன. நான் நோட்டைத் திறந்தேன். பதினோரு தலைப்புகள், ரோமன் எண்கள், அடியில் சிவப்புக் கோடு. ஐக்கிய நாடுகள் சபை அந்த நோட்டைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டுக் கலைந்துபோயிருக்கும். முதல் தலைப்பைப் படிக்க வாயெடுத்தேன், பாய் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இந்த வண்டி எதுக்குன்னா…"

"இதர விஷயங்கள்னு பதினோராவது இருக்கு பாய். அதுல வெச்சுக்கலாம். முதல்ல நீள அகலம்."

பாய் தலையாட்டினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் ஆறரை. ஆமாங்க. உயரம் ஆறு. ஆமாங்க. தேக்குச் சட்டம், மேலே தகரம். ஆமாங்க. அந்த நாற்பது நிமிஷத்தில் எனக்குக் கிடைத்த ஆமாங்க எல்லாவற்றையும் மூட்டை கட்டினால் மூன்று லாரி கொள்ளாது. ஆளுக்கு ஆள் "ஆமாங்க" சொல்வதை நான் சம்மதம் என்று கணக்கு வைத்தேன். அது அந்த ஊரில் "நீங்க பேசறது காதுல விழுதுங்க" என்பதற்கும் சொல்லும் வார்த்தை. இது தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

ஏழாவது தலைப்பு: கதவு.

"கதவு எந்தப் பக்கம்?" என்றேன்.

"கிளீனர் சைடுங்க சாமி" என்றார் செங்கோடன் உடனே.

லாரிக்காரர்களுக்கு இடது பக்கம் கிளீனர் உட்காரும் பக்கம். வலது டிரைவர் பக்கம். ரோட்டின் ஓரத்தைப் பார்த்திருப்பது கிளீனர் சைடு. அந்த மனிதர் ஒரே வார்த்தையில் பாயின் வேனையே கட்டி முடித்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மேஸ்திரி, இது ஆஸ்பத்திரி வண்டி. இதுல கிளீனர் எங்க வந்தான்? முறையாத் திசையைச் சொல்லும்."

செங்கோடன் முதலாளியைப் பார்த்தார். பழனியப்பன் சேஸைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் பக்கத்து வீடு, மாட்டுத் தொட்டி, மரக்கிளை எல்லாவற்றுக்கும் திசை சொல்லித்தான் பேசுவார்கள். தட்டில் சோறு கூடக் கெழக்கால தள்ளி வைக்கச் சொல்வார்கள். ஆகவே அவருக்கு அதில் சிரமமே இல்லை.

"மேக்கால தானுங்க" என்றார்.

"பாய்?" என்றேன்.

பாய் எழுந்து சேஸின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். மேற்கே பட்டறைச் சுவர். கிழக்கே ரோடு, லாரிகள். "ஆமா. ரோடு இல்லாத பக்கம்" என்றார். அவர் குரலில் முதல் முறையாக ஒரு நிம்மதி வந்தது. நான் எழுதினேன்: கதவு, மேற்கு.

பிறகு வரைபடத்தாளை விரித்து, கூண்டை ஒரு நீளக் கட்டமாகப் போட்டு, என் தொழிலின் ஆயுட்கால வழக்கப்படி மூலையில் அழகான ஓர் அம்புக்குறி வரைந்து, மேலே "வ" என்று எழுதினேன். வடக்கு. வீட்டுக்குப் போடும் அம்புக்குறி. பூமி மேல் அசையாமல் நிற்கும் பொருளுக்குப் போடும் அம்புக்குறி. அதை நான்கு சக்கரம் வைத்த பொருளுக்குப் போட்ட ஒரே மேதை பூலோகத்தில் நான்தான். கட்டத்தின் எந்த முனை முன்பக்கம் என்று மட்டும் எழுதவில்லை. முன்பக்கம் எது என்று யாருக்குத் தெரியாது?

பத்தாவது தலைப்பில் பத்து இருபது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பதினோராவது வரவே இல்லை. ஓடிப்போய் ஏறினோம்.

திரும்பும் வழியில், ஆண்டகளூர் கேட் அருகே பஸ் டயர் மாற்ற இருபத்தைந்து நிமிஷம் நின்றது. அங்கேதான் பாய் சொன்னார்.

"அவ வலது பக்கமா உக்காந்திருந்தா. டீ குடிக்கலாம், வண்டிய நிறுத்துன்னு சொன்னது நான். கதவத் தொறந்தா. அவ்வளவுதான் தம்பி. டீ கைக்குக் கூட வரல."

நான், "கவலைய விடுங்க பாய். கதவு மேற்கேதான். நோட்டுல இருக்கு" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. செங்கோடன் யாரிடமோ சொல்லி எழுதச் சொல்லியிருந்தார்: "கதவு மேற்கால் தானுங்களா? ஒரு வரி எழுதவும்." எனக்கு வந்த கோபத்தில் ஏற்காடு மலை இரண்டு அடி தள்ளிப் போயிருக்கும். ரோமன் எண் போட்டு முடிவு செய்ததை ஒரு மேஸ்திரி மறுபடி கேட்பதா? சிவப்பு மையில் பதில் எழுதினேன்: "மேற்கேதான். சந்தேகமே வேண்டாம்." அடியில் மூன்று கோடு இழுத்தேன்.

அவர் ஏன் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. மருமக்களே, இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இந்த ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள்.

வருஷ பாத்திஹாவுக்கு முந்தின நாள், புரட்டாசித் தூறலில், அதே பஸ்ஸில் வண்டியை எடுத்துவரப் போனோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் வைத்திருந்தார். கையில் ஒரு பொட்டலம்: அந்த அம்மாளின் பெயர் எழுதிய பித்தளைத் தகடு. கதவுக்கு மேலே பதிக்க. எட்டரைக்கு இறங்கினோம்.

வெள்ளை பெயின்ட் அடித்த வேன், ரோட்டோரம், எங்களுக்காகச் சேலத்தைப் பார்த்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பாய் நேராக அதன் இடது பக்கம் போனார். அங்கே வழவழப்பான தகரம் மட்டும் இருந்தது. உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். மழை ஈரத்தில் கதவு மறைந்திருக்கிறது என்று நினைத்தவர் மாதிரி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போனார்.

"இங்கதான இருக்கணும் தம்பி?"

நான் மறுபக்கம் ஓடினேன். வலது பக்கத்தில், ரோட்டைப் பார்த்து, அருமையான தேக்குக் கதவு. இரண்டு படி. பிடித்து ஏறப் பித்தளைக் கைப்பிடி. அதிலிருந்து இறங்குகிறவர் அடுத்த அடி எடுத்து வைக்கும் இடத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?" என்று கத்தினேன்.

செங்கோடன் உள்ளே போய் ஒரு கார்டை எடுத்து வந்தார். சிவப்பு மை, மூன்று கோடு.

"நீங்கதானுங்க சாமி எழுதுனீங்க. நீங்க போன மறுநாளு ரிப்பேருக்கு ஒரு லாரி வந்துச்சுங்க. எடம் பத்தாம சேஸ வெளிய எடுத்து, திருப்பி உள்ள உட்டோம். மூஞ்சி தெக்க பாத்து நின்னுச்சு. உங்க படத்துல அம்பு இருக்குதுங்கல்ல, அத வடக்க பாத்து வெச்சு, மேக்கால எதுன்னு பாத்தேன். டிரைவர் சைடு வந்துச்சுங்க. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அதான் கார்டு போட்டுக் கேட்டேன்."

"வண்டியைத் திருப்பினோம்னு எழுத வேண்டாமாய்யா?"

"வண்டின்னா திரும்புமுங்களே" என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான் சொன்ன கிளீனர் சைடுங்கறத எழுதியிருந்தாப் போதுமுங்க சாமி" என்றார்.

பழனியப்பன் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், நாலு நாளு குடுங்க. அறுத்து, அந்தப் பக்கம் வெச்சுத் தாரேன். எந்தக் கணக்கும் வேண்டாம், எங்க தப்புங்க."

"உங்க தப்பு இல்ல" என்றார் பாய். என் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கு வண்டி போவணும். சொல்லிட்டேன். போவட்டும். கதவத் தொறக்காம போவட்டும்."

அப்படியே போனது. மறுநாள் காலை ஒன்பதுக்கு நாமக்கல்லிலிருந்து நாமகிரிப்பேட்டை, முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிஷம். டாக்டரும் நர்ஸும் காரில் வந்தார்கள். வேனின் முன் சீட்டில் மருந்துப் பெட்டிகள். ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டு வைத்தியம் நடந்தது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன அழகாக் கதவு வெச்சிருக்குது, தொறக்காதுங்களா?"

"இன்னிக்குத் தொறக்காதும்மா" என்றார் பாய்.

பித்தளைத் தகடு அவர் பையிலேயே இருந்தது. சாயங்காலம்வரை அதை வெளியே எடுக்கவில்லை. நான் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் என் வாய்க்கு முழு லீவு.

பிறகு வண்டி நாமக்கல் போய், நாலு நாளில் கிளீனர் சைடில் புதுக் கதவு வைத்துத் திரும்பியது. பழைய கதவைப் பலகை அடித்து மூடி, மேலே தகரம் வைத்துப் பெயின்ட் அடித்தார்கள். செங்கோடன் கெட்டிக்காரர்தான். ஆனாலும் வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கதவின் நான்கு விளிம்பும் தெரியும்.

சரி, மருமகன் கேட்டதற்கு வருகிறேன். பஸ் இப்போது ஏராளம், ரோடு நாலு வழி, ஒன்றேகால் மணியில் நாமக்கல். காலையில் போங்கள், பட்டறைக்காரர்களுக்கு மத்தியானத்துக்கு மேல் கேள்வி கேட்கப் பிடிக்காது. திரும்பும் பஸ்ஸை நேரம் பார்த்து வைக்காதீர்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவன் கடைசித் தலைப்பை விட்டுவிட்டுத்தான் ஓடுவான், சொல்ல வேண்டியதைச் சொல்ல வந்தவர் அந்தக் கடைசித் தலைப்பில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் நோட்டைத் திறக்கும் முன், "இது எதுக்காக? என்ன நடந்தா உங்களுக்கு மனசு உடையும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முறுக்கைக் கடிக்காமல் இருங்கள், சத்தத்தில் பதில் கேட்காது. வேலை செய்யப் போகிறவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். அதைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். "ஆமாங்க" வந்தால், "எதுக்கு ஆமா? நீங்க ஒரு தடவ சொல்லுங்க" என்று வாயைக் கிளறுங்கள். முக்கியமாக, பொருள் நகரக்கூடியது என்றால் எல்லோரும் எழுந்து போய் அதைத் தொட்டு, இது முன்னால், இது பின்னால் என்று உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள். என்னை அப்படி ஒருவரும் சொல்லவில்லை, மேதை என்றுதான் சொன்னார்கள். அதனால் வந்ததுதான் இவ்வளவும். இரண்டாவது தடவை யாராவது ஒரே கேள்வியைக் கேட்டால், பதில் எழுதாதீர்கள். அடுத்த பஸ் ஏறுங்கள். நாலு ரூபாய் எழுபது காசு.

அதற்கப்புறம் பாய் என்னோடு சண்டை போடவில்லை. ரோட்டில் பார்த்தால் "நல்லா இருக்கியா தம்பி" என்பார். ஒரு டீ கூட மறுத்ததில்லை. ஆனால் வேன் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு வேலையாக ஆத்தூர் போனேன். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் வாழப்பாடி. பஸ் நின்றபோது எதிர்ப்பக்கம் அந்த வெள்ளை வேன் ஓரம் கட்டியிருந்தது. ஓரப் பக்கத்தில் புதுக் கதவு வழியாக ஆட்கள் இறங்கி ஏறுவது, வேனுக்கு அடியில் கால்கள் கால்களாகத் தெரிந்தது. ரோட்டுப் பக்கம், மூடிய பழைய கதவின் மேல் முதுகை ஒட்டிக்கொண்டு, பாய் நின்றுகொண்டிருந்தார். தொப்பி, வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. லாரிகள் அவர் வயிற்றை உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. என் பஸ் கண்டக்டர் வாழப்பாடிக்காரர்.

"வண்டி இங்க வர்ற நாளெல்லாம் அந்தப் பெரியவர் வந்துடுவாரு சார். கடைசி ஆளு எறங்கற வரைக்கும் அப்படியேதான் நிப்பாரு. அந்தப் பக்கம் கதவே இல்லயே, எதுக்கு நிக்கறாருன்னு யாருக்கும் தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. நான் ரோட்டுப் பக்க ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து, ரோடு இல்லாத பக்கத்து சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன்.